கொங்கு நாட்டுத் தறியும் விசைநாடாவும்

கொங்கு நாட்டின் பொருளாதார வாழ்வைப் பற்றி எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் பருத்தியிலும் நூலிலும் தொடங்கி, ஆலைப் புகைபோக்கிகளைக் கண்டு, பைக்காரா மின்சாரத்தைப் புகழ்ந்து, துணி மூட்டைகள் ரயிலேறுவதோடு முடித்துவிடுகிறார்கள். நூல் துணியாக மாறும் அந்த நடுக்கட்டத்தில், பாவிழைகளின் ஊடே இடமும் வலமுமாக ஓயாமல் ஓடி, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஓர் ஊடை இழையை விட்டுச் செல்லும் நாடா என்னும் சிறு மரத்துண்டைப் பற்றி விரிவாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்த நாடாவை எப்படி எறிவது, எப்படி நேர்வழியில் செலுத்துவது, எப்படி நிறுத்துவது, வழி தவறினால் எப்படித் தறியையே நிறுத்துவது என்னும் நான்கு பிரச்சினைகளுக்கு மனிதர் கண்ட விடைகளே நெசவுத் தொழிலின் சரித்திரம் என்று சொன்னால் அது மிகையாகாது. அந்தச் சரித்திரத்தின் முதல் ஏடுகள் வேறு தேசத்தில் எழுதப்பட்டவை. எனினும் கோயம்புத்தூரையும் அதைச் சூழ்ந்த கொங்கு மண்ணையும் விலக்கிவிட்டு அதன் பிற்பகுதியைத் தமிழில் எழுத முடியாது.

இந்த நாட்டில் நெசவு மிகப் பழமையான ஜீவனம். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் தறியிறை என்று தறிக்கு விதித்த வரியைக் குறிப்பிடுகின்றன. அரசாங்கம் தனியே வரி விதிக்கும் அளவுக்கு அன்றே தறி ஒரு சொத்தாக மதிக்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. திப்பு சுல்தான் வீழ்ந்த மறுவருஷமாகிய 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆணைப்படி இப்பகுதிகளைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், இங்கிருந்த நெசவாளர் வகுப்புகளையும், அவர்கள் நெய்த துணிகளையும், தறிகளின்மேல் இருந்த வரியையும் தம் பிரயாண நூலில் பதிவு செய்திருக்கிறார். கன்னடமும் தெலுங்கும் பேசிக்கொண்டு வடக்கிலிருந்து வந்து குடியேறிச் சௌடேஸ்வரி அம்மனைக் குலதெய்வமாக வழிபடும் தேவாங்கரும், தமிழ் மண்ணிலேயே வேரூன்றிய கைக்கோளராகிய செங்குந்தரும் பவானி, சென்னிமலை, சிறுமுகை, நெகமம் முதலிய ஊர்களில் தெருத்தெருவாகத் தறி போட்டு வாழ்ந்தார்கள். பாவடியில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலைக்கு ஊரே கூடும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ராட்டையில் தார் சுற்றுவார்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்து நெய்வது குடும்பத் தலைவனின் காரியம்.

அந்தக் காலத்துக் குழித்தறியில் நாடா கையால் எறியப்பட்டது. மிதிபலகையை மிதித்தவுடன் விழுதுகள் ஏறி இறங்கிப் பாவிழைகள் மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் வலக்கையால் நாடாவை எறிந்து இடக்கையால் பிடித்து, அச்சை இழுத்து ஊடையை நெருக்கி, மறுபடியும் மிதித்து, இடக்கையால் எறிந்து வலக்கையால் பிடிக்க வேண்டும். இம்முறையில் நாடாவை ஓட்டுவதும் கை, நிறுத்துவதும் கை, அது வழி தவறுமா என்று உணர்வதும் கையே. ஆதலால் மிக மெல்லிய இழைகூட அறுபடாமல் நெய்ய முடிந்தது. ஆனால் இரண்டு நிர்ப்பந்தங்கள் அதைக் கட்டுப்படுத்தின. ஒரு கை எறிந்து மறுகை பிடிக்கும் தூரமே துணியின் அகலமாக இருக்க முடியும். அதற்கு மேல் அகலம் வேண்டுமானால் தறியின் இரு புறமும் இருவர் அமர வேண்டும். மேலும், எறிவதற்கும் பிடிப்பதற்கும் இரண்டு கைகளும் போய்விட்டபின் அச்சை அடிப்பதற்கென்று ஒரு கை மிஞ்சுவதில்லை. ஒவ்வோர் ஊடைக்கும் கை இடம் மாறியே தீரவேண்டும்.

இவ்விரு நிர்ப்பந்தங்களையும் ஒரே உபாயத்தால் நீக்கியவர் இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த பெரி என்னும் ஊர்ப்புறத்துக்காரரான ஜான் கே. அவர் 1733-இல் உரிமைச் சாசனம் பெற்ற விசைநாடாவின் அமைப்பு வெகு எளிமையானது. அச்சைத் தாங்கும் பலகையை இருபுறமும் நீட்டி, ஒவ்வொரு கோடியிலும் நாடா வந்து தங்க ஒரு பெட்டியை அமைத்தார். அந்தப் பெட்டிக்குள் முன்னும் பின்னும் நகரும்படி பிக்கர் என்னும் ஒரு கட்டையை வைத்து, இரு பெட்டிகளின் பிக்கர்களையும் கயிற்றால் இணைத்து, அக்கயிறுகள் சேரும் நடுவிடத்தில் ஒரு கைப்பிடியைத் தொங்கவிட்டார். கைப்பிடியை ஒரு வெட்டு வெட்டினால் பிக்கர் நாடாவை உதைக்கும். நாடா பலகையின்மேல் அச்சை ஒட்டியே ஓடி எதிர்ப்பெட்டியில் புகும். வலக்கை கயிற்றை வெட்ட, இடக்கை பலகையை இழுத்து அடிக்க, இரண்டு கால்களும் மிதிக்க, ஒரே மனிதன் எத்தனை அகலத் துணியையும் நெய்யலாயிற்று. வேகமும் ஏறத்தாழ இரட்டித்தது. அவருடைய மகன் ராபர்ட் கே 1760-இல் ஏறி இறங்கும் அடுக்குப் பெட்டியைச் சேர்த்தார். வெவ்வேறு வர்ண ஊடை கொண்ட நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து, வேண்டியதைப் பலகையின் மட்டத்துக்குக் கொணர்ந்து எறிவதற்கு அது வழி செய்தது. கட்டம் போட்ட துணிகளை விரைந்து நெய்ய இது போன்ற பேருதவி வேறில்லை.

கண்டுபிடித்தவருக்குக் கிடைத்த பலன் பரிதாபமானது. துணி உற்பத்தியாளர்கள் அவருடைய சாதனத்தைத் தாராளமாக உபயோகித்துக்கொண்டு, உரிமைப் பணம் கொடுக்க மறுத்தார்கள். வழக்காடியே பொருளை இழந்து, பிரான்சு தேசம் சென்று தம் பிற்கால வாழ்வை அங்கே கழித்தார். ஆனால் அவர் ஓட்டிவிட்ட நாடா நிற்கவில்லை. தறி விரைந்ததால் நூல் போதவில்லை. நூல் பஞ்சத்தைத் தீர்க்கவே ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட் முதலியோரின் நூற்பு யந்திரங்கள் பிறந்தன. நூல் பெருகியபின் அதைத் தின்னத் தறி போதாமற் போகவே, 1785-இல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்கு உரிமைச் சாசனம் பெற்றார். அந்தத் தேசத்தில் நாடா முன்னே ஓட, நூல் அதைத் துரத்திச் சென்றது. கொங்கு நாட்டில் இந்தக் கிரமம் தலைகீழாக நிகழ்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

விசைநாடா தென்னிந்தியாவுக்கு வந்த வழிகள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மங்களூரிலும் கண்ணனூரிலும் பேசல் மிஷனார் நடத்திய நெசவுச் சாலைகளில் ஐரோப்பிய முறைத் தறிகள் ஓடின. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் தலைவராயிருந்து பின்னர் கல்கத்தா சென்ற ஹாவெல், இந்தியக் கைத்தறி பிழைக்க வேண்டுமானால் நெசவாளனுக்கு விசைநாடாவைக் கொடுங்கள் என்று இடைவிடாது வற்புறுத்தினார். ஆனால் தமிழகத்தில் இந்தக் காரியத்தை நேரடியாகக் கையிலெடுத்துச் செய்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். எஞ்சினியரிங் ஆசிரியராக வந்து, அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் இம்மாகாணத்தில் ஊன்றிய அவர், 1906-ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தில் அரசாங்க நெசவுச் சாலை ஒன்றை ஏற்படுத்தி, விசைநாடாத் தறிகளில் நெசவாளரை அமர்த்திக் கூலி கொடுத்து நெய்வித்துப் பார்த்தார். சேலத்து நெசவாளர் அதனிடம் எளிதில் வரவில்லை. தம் வீட்டில், தம் குடும்பத்தின் உதவியோடு, தமக்கு உகந்த நேரத்தில் நெய்து பழகியவர்களுக்கு, மணியடித்தால் வந்து மணியடித்தால் போகும் சாலை வாழ்க்கை ஒவ்வவில்லை. மறுபுறம், அரசாங்கமே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வியாபாரிகள் ஆக்ஷேபித்தார்கள்; இந்திய மந்திரியாயிருந்த மார்லி பிரபு 1910-இல் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்ல, சாலை மூடப்பட்டது.

சாலை மூடப்பட்டதே தவிர விசைநாடா மூடப்படவில்லை. இந்த நுட்பத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நெசவாளன் மறுத்தது கருவியை அன்று. தன் வீட்டை விட்டு வெளியேறுவதை மறுத்தான். விசைநாடாப் பலகையை ஊர்த் தச்சனே செய்துவிடலாம். பழைய குழித்தறியைப் பெயர்க்காமல், மேலே ஒரு சட்டத்திலிருந்து பலகையைத் தொங்கவிட்டால் போதும். குழியும், மிதிபலகையும், விழுதும், படமரமும் இருந்தபடியே இருக்கும். சில ஆண்டுகளில் மீண்டும் உயிர்பெற்ற மாகாணத் தொழில் இலாகா, ஊர் ஊராகச் செல்லும் நெசவுப் போதனைக் குழுக்களை அனுப்பி, நெசவாளர் தெருவிலேயே தறி போட்டுக் காட்டியது. கண்ணால் கண்டதை நெசவாளன் நம்பினான். 1942-இல் கைத்தறியையும் ஆலைகளையும் ஆராய்ந்து பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையிலான உண்மையறியும் குழு அறிக்கை வெளியிட்டபோது, சென்னை மாகாணத்துத் தறிகளில் பெரும்பாலானவை விசைநாடாத் தறிகளாகவே இருந்தன. சாலையால் ஆகாத காரியத்தைத் தெருவில் காட்டிய செய்முறை செய்து முடித்தது.

கொங்கு நாட்டில் இம்மாற்றம் வேரூன்றியதற்கு வேறொரு காரணமும் உண்டு. விசைநாடா கையைப் போல இழையின் மென்மையறிந்து நடப்பதன்று. அதன் வெட்டையும் விரைவையும் தாங்க நூல் ஒரே சீராகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். அந்த நூல் இங்கே முன்னதாகவே வந்துவிட்டது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸின் முயற்சியால் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது 1904-05-ஐ ஒட்டி, சென்னை மாகாணத்தில் புகுந்த கம்போடியாப் பருத்தி, கொங்குக் குடியானவரின் கிணற்றுப் பாசனத்தில் செழித்து, நீண்ட இழையைத் தந்தது. 1932-இல் பைக்காராவின் நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பம்பாயிலும் அகமதாபாத்திலும் ஆலைகள் நூற்பையும் நெசவையும் ஒரே கூரையின்கீழ் நடத்த, கோயம்புத்தூர் ஆலைகளிற் பெரும்பாலானவை நூற்பதோடு நின்று, நூலைத் தறிக்காரரிடம் விற்றன. இவ்வாறு இங்கிலாந்தில் நாடாவைத் துரத்திய நூல், கொங்கு நாட்டில் நாடாவுக்கு முன்னே நின்று அதைக் கைதட்டி அழைத்தது. இன்றுவரை இப்பகுதியின் நெசவு ஆலைக்குள் அடைபடாமல் ஊர்களிலும் தோட்டங்களிலும் பரந்து கிடப்பதன் மூலகாரணம் இதுவே.

விசைநாடாவின் அகலமும் அடுக்குப் பெட்டியின் வர்ணமும் சேர்ந்து விளைத்த நற்பயனுக்குச் சென்னிமலை சிறந்த உதாரணம். முருகன் குன்றின் அடிவாரத்தில் உள்ள அவ்வூரில், பின்னாளில் பத்மஸ்ரீ விருது பெற்ற எம். பி. நாச்சிமுத்து முன்னின்று 1941-இல் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அகலமான படுக்கை விரிப்பை ஒரே நெசவாளி ஒரே துண்டாக நெய்து முடிப்பது கையால் எறியும் நாடாவில் நினைத்துப் பார்க்க முடியாதது. பலகையின் இரு கோடியிலும் பெட்டியைக் கட்டிய தறியில் அது அன்றாடக் காரியமாயிற்று. அதற்கு முன்னமே, 1935-இல், கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்க இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் மாகாணச் சங்கம் தோன்றியிருந்தது. கருவியும், நூலும், சந்தையும் ஒருங்கே அமைந்ததால் சென்னிமலை விரிப்பின் பெயர் ஊரைவிட்டு உலகுக்குப் போயிற்று.

கையெறி நாடாவும் அடியோடு மறைந்துவிடவில்லை, மறையவும் கூடாது. உடலுக்கு ஒரு வர்ணமும் கரைக்கு வேறொரு வர்ணமுமாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். கரையிழையும் உடலிழையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வோர் ஊடையையும் கோத்து வாங்குவதற்கு உடன் அமரும் ஒரு துணைக் கையும் வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு ஒரே பாய்ச்சலாகச் செல்லும் விசைநாடா நடுவில் நின்று கோத்துவிட்டுத் திரும்பி வராது. அதேபோல, 1925 முதல் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை நடத்திய கதர்ப் பணியிலும், அவ்வாண்டிலேயே ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலும், கையால் நூற்ற இழையின் ஏற்றத்தாழ்வை அறிந்து தறியின் வேகத்தை அடக்கி நெய்யும் பொறுமை தேவையாக இருந்தது. கருவி எதுவாயினும் இழையின் பலத்தை மீறி அதை ஓட்டக்கூடாது என்னும் பாடத்தைக் கதர் நெசவு நம் தறிக்காரருக்கு நன்றாகக் கற்பித்தது.

இனி விசைத்தறிக்கு வருவோம். கைத்தறியில் கயிற்றை வெட்டும் கை, நாடா எதிர்ப்பெட்டியில் புகுந்ததா என்று பார்த்த பிறகே பலகையை அடிக்கும். விசைத்தறியில் அந்தக் கையும் இல்லை, கண்ணும் இல்லை. எல்லாவற்றையும் இரும்பே செய்ய வேண்டும். நிமிஷத்துக்கு 150 ஊடை ஓடும் சாதாரணத் தறியில் ஓர் ஊடைக்குக் கிடைக்கும் காலம் ஒரு விநாடியில் ஐந்தில் இரண்டு பங்கு. அதிலும் பாவு திறந்திருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகத்துக்குள் நாடா அகலம் முழுவதையும் கடந்தாக வேண்டும். தறியின் மேல்தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது கீழ்த்தண்டு ஒரு சுற்று சுற்றும். கீழ்த்தண்டில் மாட்டிய டாப்பெட் என்னும் மூக்குள்ள சக்கரம், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புறத்துப் பிக்கிங் தண்டை உதைக்கும். அந்த உதை தோல்வார் வழியாகப் பிக்கருக்கும், பிக்கரிலிருந்து நாடாவுக்கும் போய்ச் சேரும். எருமைத் தோலை மடித்து இறுக்கிச் செய்த பிக்கரே இந்த அடியைத் தாங்கும் என்று நெடுங்காலம் அனுபவத்தால் கண்டிருந்தார்கள். நாடாவின் இரு முனைகளிலும் இரும்புக் கூர் பொருத்தியதும் இதற்காகவே.

எறிவது இவ்வளவு என்றால், நிறுத்துவது அதனினும் அரிது. பள்ளத்தில் இறங்கும் பாரவண்டியை இழுப்பதைவிட அடக்கி நிறுத்துவதே வண்டிக்காரனுக்குச் சோதனையாவது போல, அத்தனை வேகத்தில் வரும் நாடாவை ஒரு சாண் தூரத்தில் அடக்குவதிலேயே தறியின் சூக்ஷ்மம் இருக்கிறது. திடீரென்று முட்டி நின்றால் நாடாவுக்குள் இருக்கும் தாரிலிருந்து நூல் வளையம் வளையமாகச் சரிந்து விழும். முட்டிய வேகத்தில் பின்வாங்கினால் அடுத்த அடி பலங்குன்றி, நாடா நடுவழியில் நின்றுவிடும். ஆகையால் பெட்டியின் சுவரில் சற்றே புடைத்து நிற்கும்படி ஒரு மரநாக்கைப் பொருத்தி, அதன்பின் ஒரு வில்லை வைத்தார்கள். உள்ளே வரும் நாடா அந்த நாக்கை நெருக்கிக்கொண்டு உராய்ந்து வேகம் குறையும். மீதி வேகத்தைப் பிக்கரைத் தாங்கும் தோல்வார் வாங்கிக்கொள்ளும். வில்லின் இறுக்கம் சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் துணியில் குற்றம் விழும். அந்த இறுக்கத்தை அளவுகோல் எதுவும் இல்லாமல், தறியின் சத்தத்தைக் காதால் கேட்டே சரிசெய்யும் மேஸ்திரிகள் கொங்கு நாட்டுத் தறிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக உருவாகியிருக்கிறார்கள்.

இந்த மரநாக்கிடம் இன்னொரு பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. நாடா பெட்டிக்குள் வந்து சேராமல் பாவின் நடுவே சிக்கிக் கிடக்க, அதை அறியாமல் பலகை முன்னோக்கி அடித்தால், அச்சுக்கும் துணிக்கும் இடையில் நாடா நசுங்கி நூற்றுக்கணக்கான பாவிழைகளை ஒரே நொடியில் அறுத்துவிடும். நாடா பெட்டிக்குள் வந்தால் நாக்கு பின்னுக்குத் தள்ளப்படும்; அந்த அசைவு பலகையின் அடியிலுள்ள ஓர் இரும்புக் கத்தியைத் தூக்கும்; கத்தி தூக்கப்பட்டிருந்தால் தறி தொடர்ந்து ஓடும். நாடா வராவிட்டால் நாக்கு அசையாது; கத்தி தாழ்ந்தே இருந்து எதிரேயுள்ள இரும்புத் தடையில் மோதித் தறியை அங்கேயே நிறுத்திவிடும். இலேசான துணிகளுக்கு வேறொரு முறையும் உண்டு. அதில் நாடா இடையில் சிக்கினால் அச்சே பின்புறமாக நழுவிக்கொடுத்துப் பாவைக் காப்பாற்றும். ஊடை அறுந்தால் தறியை நிறுத்த ஒரு சிறு முள்கரண்டியும், பாவிழை அறுந்தால் நிறுத்தத் தொங்கும் தகடுகளும் பின்னர்ச் சேர்ந்தன. மனிதக் கண்ணுக்கும் கைக்கும் இருந்த விவேகத்தைச் சிறிது சிறிதாக இரும்புக்குக் கற்பித்த வரலாறு என்று இதைச் சொல்லலாம்.

இவ்வளவு காவல் இருந்தும் நாடா சில வேளைகளில் பாவைவிட்டு வெளியே பாய்ந்து தொழிலாளியின் மேல் படுவதுண்டு; அதைத் தடுக்கப் பலகையின் முன் ஒரு காவற்கம்பி வைப்பது விதி. தாரிலிருந்து வரும் நூலை நாடாவின் கண்வழியே வாயால் உறிஞ்சி வெளியே இழுக்கும் பழக்கம் லங்காஷயரிலும் இருந்தது, நம் நாட்டிலும் இருந்தது. நோய் பரப்பும் அப்பழக்கத்தை அமெரிக்காவின் மாசசூஸெட்ஸ் மாநிலம் 1911-லேயே சட்டத்தால் விலக்கியது. பிக்கர் அடிக்கும் ஓசையும் நாடா பெட்டியில் மோதும் ஓசையும் சேர்ந்த பேரிரைச்சலில் ஆயுள் முழுவதும் நின்று செவித்திறன் குன்றியவர்கள் எத்தனையோ பேர். மலிவான துணியை நாம் விலைபேசி வாங்கும்போது இந்தச் செலவையும் யாரோ ஒருவர் செலுத்தியிருக்கிறார் என்பதை மறக்கலாகாது.

கைத்தறியை விசைத்தறி விழுங்கிவிடும் என்ற அச்சம் சுதந்திரம் வந்தவுடனே அரசியலில் புகுந்தது. சென்னை ராஜ்யத்தின் முதல்வராயிருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று 1952-ஆம் ஆண்டையொட்டி வன்மையாக வாதாடினார். அதற்கு நேர்மாறாக, 1954-இல் கனுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக மேம்பட்ட தறிகளாகவும் விசைத்தறிகளாகவும் மாற்றலாம் என்ற அபிப்பிராயத்தைக் கூறியது. மறுவருஷமே கார்வே குழு விசைத்தறிப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னது. முடிவில் 1985-இல் கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. சட்டங்கள் ஒருபுறமிருக்க, விசைத்தறி தன் வழியே பெருகியது. சோமனூர், பல்லடம், அவிநாசி, மங்கலம், கருமத்தம்பட்டி என்று ஊருக்கு ஊர் தறிக்கூடங்கள் எழுந்தன. தறி மட்டும் வாங்கிக்கொண்டு, ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் பெற்று, காடாத் துணி நெய்து கொடுத்துக் கூலி வாங்கும் முறை நிலைத்தது. பரம்பரை நெசவாளர் மட்டுமின்றி, கிணறு வற்றி வெள்ளாமை கைகொடுக்காத வேளாண் குடும்பங்களும் தோட்டத்துச் சாளையை ஒட்டித் தறிக்கூடம் கட்டினார்கள். கோயம்புத்தூரின் வார்ப்படப் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் அருகிலேயே இருந்ததால், உடைந்த உறுப்பு எதுவாயினும் அன்றைக்கே வார்த்துக் கடைந்து மாட்டித் தறியை ஓட்ட முடிந்தது. 1956-இல் கோயம்புத்தூரில் தோன்றிய சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும், அதன் பொறுப்பில் நடக்கும் விசைத்தறிச் சேவை மையங்களும் இந்தச் சிறு தறிக்காரருக்குப் பயிற்சியும் ஆலோசனையும் அளித்து வந்தன.

அதே சமயத்தில் உலகம் நாடாவின் பிரச்சினைக்கு வேறு விடைகளைத் தேடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் டிரேப்பர் கம்பெனிக்காக ஜேம்ஸ் நார்த்ரப் அமைத்து 1894-ஐ ஒட்டி வெளிவந்த தறி, தீர்ந்த தாரைத் தானே மாற்றிக்கொண்டது. ஜப்பானில் ஸகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தறி, ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றியது. நெசவு யந்திரங்களுக்குத் தாயகமான இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் கம்பெனியே 1929-இல் ஒரு லட்சம் பவுன் கொடுத்து அதன் உரிமையை வாங்கியது. பிறகு ஒரு புதிய கேள்வி பிறந்தது. அற்ப எடையுள்ள ஓர் ஊடை இழையைக் கொண்டுசெல்ல, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள நாடாவை ஏன் எறிந்து எறிந்து நிறுத்த வேண்டும்? 1953-இல் சந்தைக்கு வந்த சுவிட்சர்லாந்தின் சுல்சர் தறி, சுமார் 40 கிராம் எடையுள்ள சிறு உலோகத் துண்டால் இழையைப் பற்றி இழுத்துச் சென்றது. பின்னர் கம்பிக்கரத்தால் இழையை எடுத்துச் செல்லும் ரேபியரும், காற்றின் வீச்சால் செலுத்தும் ஏர்ஜெட்டும் வந்தன. நாடாவைக் கட்டுப்படுத்தும் கலையின் கடைசிப் படி நாடாவையே நீக்குவதாக முடிந்தது.

அந்த அலை இப்போது பல்லடத்திலும் சோமனூரிலும் அடித்துக்கொண்டிருக்கிறது. வசதியுள்ளவர்கள் நாடா இல்லாத் தறிகளை இறக்குமதி செய்து நிறுவுகிறார்கள். வசதியற்றவர்களுக்காக, இருக்கும் சாதாரணத் தறியிலேயே ஊடையும் பாவும் அறுந்தால் தானே நிற்கும் சாதனங்களைப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2013-இல் தொடங்கியது. மாநில அரசு விசைத்தறிக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை இலவசமாக வழங்கி வருகிறது. எனினும் கூலி போதாமையாலும், துணிக்கு விலை கிடைக்காமையாலும் பழைய தறிகளை எடைக்குப் போட்டு, இரும்பாக விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் பலர். அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தறி என்பது முதலில் சோறு போடவேண்டிய கருவி.

ஆனால் தறியோடு சேர்ந்து ஒரு ஞானமும் எடைக்குப் போவதை நாம் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமன்று. பிக்கரின் தேய்மானத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லும் விரல், பெட்டி நாக்கின் இறுக்கத்தைச் சத்தத்தால் அளக்கும் காது, அடுக்குப் பெட்டியின் ஏற்ற இறக்கத்தை வர்ணக் கட்டத்தோடு பொருத்திக் கணக்கிடும் மனம் ஆகியவை எந்தப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படவில்லை. அவை இன்று வயது முதிர்ந்த மேஸ்திரிகளிடமும் நெசவாளரிடமும் மட்டுமே இருக்கின்றன. நெசவின் சரித்திரத்தில் எறிந்தவரின் பெயரை உலகம் அறியும். நிறுத்தக் கற்றவர்களின் பெயர் எங்கும் இல்லை. துணியின் தரமோ இவர்களால்தான் நின்றது என்பது என் திடமான முடிவு.

ஆகவே கோயம்புத்தூரின் பொறியியற் கல்லூரிகளுக்கும், சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனத்துக்கும், ஜவுளித் தொழிலால் செல்வம் ஈட்டிய குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையெறி நாடாக் குழித்தறி, விசைநாடாத் தறி, அடுக்குப் பெட்டித் தறி, சாதாரண விசைத்தறி ஆகிய நான்கையும் ஓடும் நிலையில் ஓரிடத்தில் நிறுவுங்கள். கண்ணாடிக்குள் பூட்டிவைக்காமல், பிள்ளைகள் பார்க்க அன்றாடம் நெய்து காட்டுங்கள். அவற்றை ஓட்டத் தெரிந்த முதியோரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்தி, அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி வையுங்கள். பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது, யந்திரங்களும் இன்னும் கிடைக்கின்றன. கற்றுக்கொடுக்கக் கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இந்தக் காரியத்தைத் தொடங்குவது கொங்கு நாட்டின் கடமை.